இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்

பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் கந்தகம்தான். ஒரு சுரங்க நிறுவனத்தில் நிலவியலாளர். பதினோரு வருடமாக ஒரே கதையை, கேட்டவர், கேட்காதவர், பாதியில் எழுந்து ஓடியவர் என்று பேதம் பார்க்காமல் சொல்லி வந்தார்.

கதை இதுதான். பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆறும்போது கடும் சூடான நீர் அதிலிருந்து பிரிந்து வரும். தங்கம் பெரிய இடத்துப் பிள்ளை, தன் காலால் நடக்காது. அந்த நீரில் இருக்கும் கந்தகம்தான் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாறை வெடிப்புகள் வழியே ஏறி வரும். மேலே வர வர அழுத்தம் குறைந்து நீர் கொதித்துப் பொங்கும். உடனே கந்தகம் ஆவியோடு ஆவியாகக் கம்பி நீட்டிவிடும். தூக்கி வந்தவன் ஓடிப்போனால் தங்கம் என்ன செய்யும், பொத்தென்று அங்கேயே உட்கார்ந்துவிடும். கூடவே ஆர்செனிக், ஆன்டிமனி என்று ஒரு பரிவாரமும் உட்காரும். அப்படி உட்கார்ந்த இடம் இந்த மலையில் இருநூற்றுப் பத்து மீட்டர் ஆழத்தை ஒட்டித்தான் என்பது கந்தகத்தின் தீர்ப்பு.

மலைக்குத் தீர்ப்பின் நகல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பதினாறு துளை போட்டுப் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று குவார்ட்ஸ் கல் வந்தது, தங்கம் வரவில்லை. பதினேழாவது துளையோடு கடையைக் கட்டிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பதினோரு வருடப் பேச்சுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு துளை.

துளைபோடும் எந்திரம் கல்லை மணிக்கட்டுப் பருமனில் உருளை உருளையாக வெளியே தள்ளும். அதைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, பிறகு நெடுக அறுத்து, ஒரு பாதியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். மறுபாதி பெட்டியிலேயே கிடக்கும். இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர் பெட்டிக்கு வந்ததும், கந்தகம் அறுக்க விடவில்லை. மூன்று நாள் கல் கொட்டகையில் அதன் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பு எழுதினார். சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்தார்.

பிறகுதான் அறுத்து அனுப்ப விட்டார். ஆய்வுக்கூட முடிவு வந்தது. டன்னுக்கு ஆறு கிராம் தங்கம். சுரங்கம் தோண்ட அதுவே தாராளம்.

அதற்குப் பிறகு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. போன மாதம்வரை அவரை மின்சாரப் பிரிவுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்த முதலாளி, தோளில் கைபோட்டு நடந்தார். அவரைக் கண்டாலே வேறு வழியாகப் போன கணக்குப் பிரிவுக்காரர்கள், கந்தகம் எப்படிச் சார் தூக்கிக்கொண்டு வரும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். கையெழுத்து நாளும் வந்தது. மாலை மூன்று மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டால் அறிக்கை வெளியே போகும், இன்னும் பத்து துளைக்கு அனுமதி கிடைக்கும்.

அன்று பன்னிரண்டு மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து தொலைபேசி அழைப்பு. அங்கே வேதியியலாளர் அவருடைய மனைவி.

“என்னங்க, அந்த இருநூத்திப் பன்னெண்டுல ஆர்செனிக் இல்ல.”

“சரி, இல்லாட்டி என்ன?”

“ஆன்டிமனியும் இல்ல. கந்தகம் பேருக்குக்கூட இல்ல. தங்கம் துணை இல்லாம வராதுன்னு பதினோரு வருஷமா என் உயிரை வாங்கினது யாரு?”

“சில நேரம் வரும்.”

“ஓ. இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்.”

கந்தகம் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். பெட்டியில் கிடந்த மறுபாதியை வரவழைத்து, மனைவி நுண்ணோக்கியின் கீழ் வைத்திருந்தார். குனிந்து பார்த்தார் கந்தகம். கல்லின் வெளித்தோலில் மஞ்சள் கோடுகள், எல்லாம் ஒரே திசையில். அறுத்த உள்முகத்தில் மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. பூமிக்குள்ளிருந்து வந்த தங்கம் கல்லுக்குள் போகாமல் சட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்காது. அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அந்த மஞ்சக் கோடுகளை மட்டும் கருவியில வெச்சுப் பாத்தேன். இருபத்திரெண்டு காரட், மிச்சம் செம்பு. நகைக்கடைக் கணக்குல செம்பு கலந்து தங்கம் குடுக்கிற மலை எந்த ஊர்லயும் கிடையாதுங்க” என்றார் மனைவி. சொல்லிவிட்டுக் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய இடது கையைப் பார்த்தார்.

யோசனையில் ஆழ்ந்தால் கல்லை முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருப்பது கந்தகத்தின் வழக்கம். மூன்று நாள் தடவியிருக்கிறார். குவார்ட்ஸ் முரட்டுக் கல், தங்கம் சாது. கல்யாண மோதிரத்தின் அடிப்பக்கம் தகடாகத் தேய்ந்திருந்தது. மோதிரம், வளையலோடு யாரும் கல் கொட்டகைக்குள் வரக்கூடாது என்று கதவில் ஒரு அறிவிப்பு உண்டு. எழுதி ஒட்டியவரே கந்தகம்தான். எழுதினவருக்கும் அது பொருந்தும் என்று அதில் எழுதத் தவறிவிட்டார்.

“வேற யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் போய் வத்தி வெக்கப் போறதில்ல. ஆனா கையெழுத்து உங்களோடது, நீங்களே முடிவு பண்ணுங்க.”

அவர் அங்கேயே உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையோடு கூடவே மூளையும் வேலை செய்தது, அதுதான் கேவலம். கையெழுத்துப் போட்டால் பத்து துளை. பத்தில் ஒன்றில் உண்மையாகவே தங்கம் இருந்துவிட்டால்? அப்போது இது பொய்யே இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை. இப்படி ஒரு மணி நேரம் தனக்குத்தானே வக்கீலாக வாதாடினார். எதிர்த்தரப்பில் யாருமே இல்லாதபோதும் வழக்கு ஜெயிக்கவில்லை.

மூன்று மணிக்கு முதலாளி அறையில் பேனா மூடி திறந்து தயாராக இருந்தது. கந்தகம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைக்கப் பார்த்தார், விரல் வீங்கியிருந்ததால் வரவில்லை. கையையே நீட்டிக் காட்டினார்.

முதலாளி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இது நம்ம நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். நீங்க கையெழுத்தைப் போடுங்க. பத்து துளை போடுறோம், ஒண்ணுலயாவது கெடைக்காமலா போயிடும்?”

“கெடைக்கலன்னா பத்துலயும் நான்தான் சார் தேய்க்கணும்” என்றார் கந்தகம். “மோதிரம் தாங்காது.”

படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, இருநூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே இருந்த ஆறை அடித்துவிட்டு, ‘தங்கம் இல்லை’ என்று எழுதினார். நின்றபடியே குனிந்து எழுதியதால் எழுத்து கோணலாக விழுந்தது. யாரும் படிக்க முடியாமல் போய்விடப் போகிறதே என்று, அதன் கீழேயே இன்னொரு தடவை நிறுத்தி எழுதினார்.