மெர்லோ பாட்டிலில் பன்னீர் திராட்சை

அப்பா சமையலறையில் புனல் வைத்து, அம்மா கிறிஸ்துமஸுக்குப் போட்ட ஒயினை ஒரு பிரெஞ்சு பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். கோவாவிலிருந்து யாரோ கொண்டுவந்து குடித்துத் தீர்த்தபின், வடிவம் அழகாக இருக்கிறதென்று அம்மா மணிபிளான்ட் வைத்திருந்த பாட்டில் அது. லேபிளில் மெர்லோ என்று திராட்சையின் பெயர் போட்டிருந்தது.

“என் ஒயின எவனோ பேர்ல ஊத்துறீங்களே, நல்லா கீதா இது?” என்றாள் அம்மா.

“சும்மா இரு ஹில்டா. வர்ற பையன் கப்பல்ல ஒயின் ஊத்துறேன்னு சொல்லிகினு கீறான். ஊத்துறானா, தட்டு கழுவுறானான்னு ஒரு வாய் குடிச்சா தெரிஞ்சிடப் போவுது.”

அப்பாவுக்குக் கோயம்பேட்டில் திராட்சை மொத்த வியாபாரம். மேல் அடுக்கைப் பார்த்து எதையும் வாங்கமாட்டார். பெட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு கொத்தை உருவுவார். எனக்குப் பார்க்கிற மாப்பிள்ளைக்கும் அதே முறைதான். போன வரன் ஐடி கம்பெனி என்று வந்தான். அவன் கார்டை வாங்கிப் பார்த்தவர், திருப்பித் தருவதற்குள் அவனுடைய மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டார். எனக்கும் அந்தக் கை உண்டு. இன்று வரவிருந்த ஜெர்வினின் போட்டோவைப் பெரிதாக்கி நான் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, கப்பல் சீருடை அவன் தோளுக்குச் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, இரவலா என்று. சரியாகத்தான் இருந்தது. அப்புறம் முகத்தைப் பார்த்தேன். அதுதான் சிக்கல். பிடித்த சரக்கின் முன்னால் கண்ணைக் காட்டக்கூடாது என்று எங்கள் வீட்டில் பேச்சு வருமுன்பே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஜெர்வின் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து தன் அக்கா ஸ்டெஃபியோடு வந்தான். அப்பா லேபிள் அவன் பக்கம் தெரிகிற மாதிரி பாட்டிலை வைத்து ஊற்றினார். ஜெர்வின் கிளாஸைச் சாய்த்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். மூக்கை உள்ளே விட்டான். ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி விழுங்கினான்.

“பிளம்ஸ் வாசம் அங்கிள். அதுக்குப் பின்னாடி மழை பெஞ்ச மண்ணு. கடைசில லேசா புதுத் தோல்பை வாசம். கேபர்னே திராட்சைன்னா நாக்கப் புடிச்சிகினு உடாது. இது தானா எறங்குது பாருங்க, மெர்லோன்னா இதான்.”

“அப்ப ஒரிஜினல்தான்?”

“சந்தேகமே இல்ல.”

ஸ்டெஃபி பெருமையாக எங்களைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒயினை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை, அதுவும் வேறு பெயருக்குப் போய்விட்டது.

பஜ்ஜித் தட்டு எடுக்கிற சாக்கில் அப்பா சமையலறைக்கு என் பின்னால் வந்தார். “மாட்டிகினான். கம்பம் பன்னீர் திராட்சைக்கும் மெர்லோவுக்கும் வித்தியாசம் தெரியல, இவன் கப்பல்ல ஒயின் ஊத்துறானாம். மாடிக்குப் போயி மரியாதைக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டு வா. வேணாம்னு நானே சொல்லிக்கிறேன்.”

மாடியில் காலையில் கழுவிய பழக் கிரேட்டுகள் அடுக்கடுக்காக வடிந்துகொண்டிருந்தன. கடைசிப் படி ஏறியதும் ஜெர்வின் குரலைத் தாழ்த்தினான்.

“உங்க அம்மா போட்டதுதானே அது? கிராம்பு தூக்கலா கீது. என் கிளாஸ்ல ஒண்ணு வந்திச்சி, சத்தம் காட்டாம முழுங்கிட்டேன். கோதுமை போட்டதும் தெரியுது, எங்க ஊட்லயும் போடுவாங்க.”

“அப்புறம் ஏன் மெர்லோன்னீங்க?”

“வந்தவனுக்கு ஒசத்தியா குடுத்தோம்னு காட்ட உங்க அப்பா ஆசப்பட்டாரு. எங்க அக்கா எதிர்லயே அத ஒடைக்கவா? கப்பல்ல என் வேலையே இதாங்க. காசு குடுத்து வாங்குனவன் காடியாப் புளிச்சதக் குடிச்சிட்டு எப்டி கீதுன்னு கேட்டா, இந்த ஒயினுக்கு நல்ல கேரக்டர்னு சொல்லணும்.”

எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. கீழே போய், தெரிந்துதான் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பா மறுபடி யோசிப்பார். ஆனால் எதை யோசிப்பார்? தெரியாதவன் என்றால் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம். தெரிந்துகொண்டே, முகத்தில் ஒரு கோடு அசையாமல், மழை மண் வாசம்வரைக்கும் வரவழைக்கிறவனை என்ன செய்வது? நாளைக்கு நான் வைக்கிற குழம்பை நல்லாயிருக்கு என்பான். என்னைப் பிடித்திருக்கிறது என்பான். எதை நம்பித் தூங்குவது?

“என்கிட்ட கீற ஒரு கொறையச் சொல்லுங்க,” என்றேன்.

“இன்னாது?”

“வந்ததுலேர்ந்து எல்லாத்தையும் நல்லா கீதுன்னே சொல்றீங்க. நெஜமா உங்களுக்குப் புடிக்காதது, என்கிட்ட, ஒண்ணு.”

“சொன்னா கோவம் வருமே.”

“வரும்.”

அவன் சிரிப்பு மெல்லக் கழன்றது. கீழேயிருந்து அப்பா, “ரெனிதா, எறங்கி வாம்மா, அவங்க கெளம்பணுமாம்” என்று குரல் கொடுத்தார். நான் நகரவில்லை. ஜெர்வின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கிளாஸைப் பார்த்த நடிப்பு இல்லை, நிஜமாகவே குறை தேடுகிற பார்வை அது. மேல் கிரேட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவனுடைய பாலிஷ் போட்ட ஷூவின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவன் காலை நகர்த்தவில்லை.