சம்பந்திக்காக நின்ற பஸ்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு வயிற்றின் கதை சொல்லப் போகிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். வயிறே இல்லாதவர் யாராவது இங்கே இருந்தால் அவர் மட்டும் சுளிக்கட்டும். நடுவில் எழுந்து போக வேண்டியவர்கள் தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். நீங்கள் திரும்பி வரும்வரை கதை நிற்கும்.

ஒரு கடிகாரக்காரர் இருந்தார். கடைத்தெருவில் சின்னதாய் ஒரு கடை. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தாரென்றால் ஓடாத கடிகாரம் ஓடும். ஆனால் அவருடைய வயிறுதான் அவர் சொன்னபடி ஓடவில்லை. வலிக்கும், உப்பும், உருட்டும், சொல்லாமல் கொள்ளாமல் அவசரப்படுத்தும். ஒருநாள் கடை நிறைய ஆட்கள், பக்கத்துக் கட்டடத்துக் கழிவறையில் பூட்டு. மனிதர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். நூலிழையில் தப்பினார். ஆனால் அந்த நூலிழையே அவர் காலைக் கட்டிப்போட்டுவிட்டது. கடையைக் காலி செய்து, வேலையை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டார். மேஜையிலிருந்து குளியலறைக்குப் போகிற வழியில் ஒரு நாற்காலிகூட இருக்காது. மகளின் பொம்மை கிடந்தால் போச்சு, வீடே அதிரும்.

டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார்.

"குடல்ல புண்ணோ கட்டியோ எதுவும் இல்ல. அதுக்காக உங்க வலி பொய்யும் இல்ல. உங்க குடலும் மூளையும் ஓயாம பேசிக்குது. இது பயந்தா அது துள்ளும், அது துள்ளினா இது பயப்படும். மாத்திரை தர்றேன், எது சாப்பிட்டா ஒத்துக்கலன்னு கவனிங்க. ஆனா வீட்டுக்குள்ளயே அடைஞ்சிடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா வெளிய போய்ப் பழகுங்க."

மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போனது. அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் ஒரு காதில் நுழைந்து மறு காதில் இறங்கிவிட்டது.

அவருடைய மனைவி சிரித்த முகம், துணிந்த கை. ஒருமுறை மாமியார் வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் இவர் பாதியில் எழுந்து ஓடினார். "மாப்பிள்ளை எங்கடி இப்படிப் பறக்கிறார்?" என்று மாமியார் கேட்க, இவள் சட்டென்று சொன்னாள்: "அவருக்குச் சம்பந்தி வந்திருக்காரும்மா. வாசல்ல காக்க வைக்க முடியுமா?"

பெண் கொடுத்தவரோ பெண் எடுத்தவரோ, சம்பந்தி வந்து வாசலில் நின்றால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு ஓடத்தானே வேண்டும்? அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. "சம்பந்தி வந்துட்டார்" என்று அப்பா எழுந்தால், பால்பல் விழுந்த மகள்கூட வழிவிட்டு ஒதுங்குவாள். இந்த ஊரில் கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளை இல்லாமலே சம்பந்தி வந்து போகிற வீடு அது ஒன்றுதான்.

மனைவி பஸ் ஓட்டப் படித்தாள். தேறி உரிமம் வாங்கின அன்று ஒரு சின்ன விழா. தேறினவர்கள் எல்லோர் வீட்டிலிருந்தும் வந்தார்கள். இவர் சட்டை மாட்டி, செருப்பும் மாட்டி, வாசல்வரை வந்து, திரும்பிவிட்டார். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்புறம் அவளுக்கென்றே ஒரு பஸ் தடம் கிடைத்தது. முந்தின நாள் சாயங்காலம் அவர் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என் வண்டி. எனக்குப் பின்னாடி இருக்கிற முதல் சீட்ல நீங்க உக்காரணும். கடைசி நிறுத்தம் வரைக்கும்."

"பஸ்லயா? நடுவழியில சம்பந்தி வந்தா?"

"வந்தா வரட்டும். ஓட்டுறவங்களுக்கு வயிறு இல்லைன்னு நினைச்சீங்களா? வழியில எங்கெங்க கழிவறை இருக்குன்னு என்னைக் கேளுங்க. நூலகத்துல, மருந்துக்கடைக்குப் பின்னால, பெட்ரோல் பங்க்ல. சொன்னா நிறுத்துவேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்தத் தடவையும் நீங்க வரலைன்னா கோவிச்சுக்க மாட்டேங்க. ஆனா இனிமே எதுக்கும் கூப்பிடவும் மாட்டேன்."

கூப்பிட மாட்டேன் என்றாளே, அதுதான் அவரைச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலையில் அவர் ஒத்துக்கொள்கிற சாப்பாடாகக் கொஞ்சம் சாப்பிட்டார், காபியைத் தொடவில்லை, முதல் சீட்டில் போய் உட்கார்ந்தார். மடியில் ஒரு பை. அதில் மாற்று உடுப்பு. கண்டக்டர் அந்த வண்டிக்குப் புதுசு. அவர் ஊதுகிற ஊதலில் காக்கை பறக்கும் என்பதால் பேரே விசில்தான். வண்டி கிளம்பியது. அவள் வளைவில் திருப்புகிற அழகைப் பார்த்து மனிதர் தன்னை மறந்துதான் இருந்தார். ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நெடுநேரம் நின்றதே, அங்கேதான் ஆரம்பித்தது. முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு புரட்டல். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"ஏம்மா," என்று முன்னால் குனிந்தார். "சம்பந்தி வந்துட்டார்."

"நூலகம் வந்தாச்சு. இறங்குங்க."

கதவு திறந்ததும் அம்புபோல் பாய்ந்தார். விசிலுக்குக் காது கூர்மை, புத்திதான் கொஞ்சம் பின்னால் வரும். அவர் பஸ்ஸுக்குள் திரும்பி உரக்கச் சொன்னார்: "கொஞ்சம் பொறுத்துக்குங்க! டிரைவரம்மா வீட்டுச் சம்பந்தி வர்றாராம். அழைச்சிட்டு வரப் போயிருக்கார்!"

"இந்த வயசுல சம்பந்தியா? ஓட்டுற பொண்ணே சின்னப் பொண்ணாட்டம் இருக்கு," என்றாள் பூந்தொட்டியைப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு அம்மாள். என்றாலும் தொட்டியை நகர்த்தி இடம் விட்டாள். டை கட்டிய ஒருவர் மட்டும், "ஆபீசுக்கு நேரமாகுது, சம்பந்தியாவது சகலையாவது," என்று நெளிந்தார்.

அந்நேரம் பார்த்து, கனத்த உடம்பும் பெரிய குடையுமாக ஒரு பெரியவர் மூச்சு வாங்க ஓடிவந்து ஏறினார்.

"வாங்க சம்பந்தி, வாங்க!" விசில் அவர் கையைப் பிடித்து முதல் சீட்டில் உட்கார வைத்தார். ஒருத்தர் குடையை வாங்கி வைத்தார். பூந்தொட்டி அம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுலகூட இவ்வளவு மரியாதை நடந்ததில்லப்பா!"

விசில் ஒரு ஊது ஊதினார். "போலாம் ரைட்!"

வண்டி அசையவில்லை.

"என்னம்மா, சம்பந்திதான் ஏறியாச்சே?"

"ஏறலைங்க," என்றாள் அவள், சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு. "இன்னும் இறங்கிட்டிருக்கார்."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் கடிகாரக்காரர் திரும்பி வந்துவிட்டார். படியில் கால் வைத்து நிமிர்ந்தால், பஸ் முழுக்கக் கண்கள். எல்லாம் இவர்மேல்.

"சார், ஒரே குழப்பமா இருக்கு," என்றார் விசில். "உங்க சம்பந்தி யாரு? இவர்தானே?"

எந்த நாளை நினைத்து நினைத்து வீட்டுக்குள் ஒடுங்கினாரோ அந்த நாள் வந்தே விட்டது. வீடு இன்னும் பக்கம்தான். விறுவிறுவென்று நடந்தால் மேஜைக்குப் போய்விடலாம். அவர் டிரைவர் சீட்டுக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். அதில் மனைவியின் கண்கள் இருந்தன. அவள் அவசரப்படுத்தவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

"இவர் இல்லைங்க," என்றார் கடிகாரக்காரர். "என் வயிறுதாங்க எனக்குச் சம்பந்தி. எப்ப வரும்னு தெரியாது. வந்தா காக்க வைக்க முடியாது. அதுக்காகத்தான் ஓடினேன்."

குடைக்காரப் பெரியவர் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அட, அந்தச் சம்பந்தியா! அவரு எனக்கும் சம்பந்திதான்யா! இந்த உடம்பை வெச்சுக்கிட்டு நான் எங்கேருந்து ஓடி வந்தேன்னு நினைச்சீங்க? உங்களுக்குப் பக்கத்துக் கதவுலேருந்துதான்!"

பஸ் குலுங்கியது. வண்டி நின்றபடியே குலுங்கிய சிரிப்பு அது. பூந்தொட்டி அம்மாள், தன் தங்கைக்கும் இதேதான் என்றும், தங்கை வருஷக்கணக்கில் யார் வீட்டுக்கும் வருவதில்லை என்றும், நாளைக்கே இழுத்து வருவதாகவும் சொன்னாள். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் டை கட்டியவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஒரு நிமிஷம் நிக்குமா? நானும்... வந்து..."

"போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க!" என்றது பஸ் மொத்தமும். "சம்பந்தியைக் காக்க வைக்காதீங்க!"

பெரியவர் நகர்ந்து கொடுக்க, கடிகாரக்காரர் தன் முதல் சீட்டில் உட்கார்ந்தார். பெட்ரோல் பங்க் பக்கம் வயிறு இன்னொரு தரம் முனகியது. இறங்கலாமா என்று யோசித்தார். பெரியவர் காதோடு, "என்னவாம்?" என்றார். "சும்மா விசாரிச்சிட்டுப் போறார்," என்றார் இவர். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே அடங்கிவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் அவள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பஸ் நிலையச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம், முள் நகராமல் கிடந்தது.

"இதைக் கழட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். இங்கேயே சரி பண்ணலாம். நாளைக்குக் கருவியெல்லாம் எடுத்துட்டு வர்றேன்," என்றார்.

நாளைக்கு என்றாரே! அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வயிறு மாறிவிட்டதா என்று கேட்காதீர்கள். சம்பந்தி சம்பந்திதான், இன்றைக்கும் வந்து போகிறார். சில நாள் வண்டி ஏறாமல் வீட்டோடு இருப்பதும் உண்டு. ஆனால் மறுநாள் முதல் சீட் காலியாக இருந்தால் விசில் வண்டியை எடுக்க விடுவதில்லை.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் வயிறும் மனசும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தட்டும். நீங்கள் போகிற வழியெல்லாம் பூட்டாத கதவு இருக்கட்டும். உங்கள் வீட்டில் யார் பின்தங்கினாலும், அவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வண்டி நிற்கட்டும். போய் வாருங்கள், சாவகாசமாய்ப் போய் வாருங்கள்.