அணையாவிளக்கு அணைந்த ஒத்திகை

நாடகக் குழுவில் விளக்குகளைப் பார்த்துக்கொள்பவன் அவளுடைய அண்ணன். பொத்தான்களை அழுத்தி அழுத்தி விரலே தேய்கிறது என்று அவன் புலம்பப்போக, "நீ எழுதிக் குடு அண்ணா, கம்ப்யூட்டரே படிச்சு விளக்கைப் போடும்" என்று தங்கை வாய் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

சின்னச் சின்னச் செயல்களைக் கோத்தே நிரல் எழுதும், அவளுக்குப் பிடித்த ஃபங்ஷனல் கணினி மொழியில்தான் வேலை. எழுதியதைப் படித்துப் பிரிப்பது பார்ஸர்; சொல்லை மட்டும் படிக்க ஒரு குட்டி பார்ஸர், எண்ணைப் படிக்க ஒன்று, இடைவெளியைத் தின்ன ஒன்று. 'இது, பிறகு அது', 'இது இல்லாவிட்டால் அது' என்று காம்பினேட்டர் என்னும் இணைப்பான்களால் அவற்றைக் கோத்தால் பெரிய பார்ஸர் தயார். "மொத்தமே ஒரு பக்கம்தான்!" என்று வீடு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தாள்.

ஒத்திகையில், அதே நாடகத்தில் நடிக்கும் அண்ணி மேடையில் உருகி உருகி அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் கம்ப்யூட்டரில் அடுத்த வரியைத் தட்டினான்: 'அணையாவிளக்கு ஏற்று'. மேடை மூலையில் இருந்த சின்ன விளக்குக்கு அவன் ஆசையாக வைத்த பெயர் அது.

மேடை கும்மென்று இருண்டது. எங்கோ ஒரு நாற்காலி கவிழ்ந்தது.

"நான் அழுதா இருட்டிடுமா என்ன?" என்றது அண்ணியின் குரல்.

யாரோ கூடத்து விளக்கைப் போட்டார்கள். தங்கைக்கு விஷயம் உடனே பிடிபட்டது. 'அணை' என்று கண்டதுமே பார்ஸர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. மிச்சமிருந்த 'யாவிளக்கு' புரியாமல் திருதிருவென்று விழித்தது.

"முழுசாக் கேக்காமலே புரிஞ்சிடுச்சாம்! உன்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு," என்றான் அண்ணன். "விடு, விளக்குப் பேரை மாத்திடறேன்."

"ஒண்ணும் வேணாம். நாளைக்கு நீ இன்னொரு பேரோட வந்து நிப்பே."

தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, 'முழுச்சொல்' என்று புதிதாக ஒரு காம்பினேட்டர் எழுதினாள். சொல்லைப் படி; அதை ஒட்டி இன்னோர் எழுத்து இருந்தால், படித்ததை அப்படியே திருப்பி வை; இல்லாவிட்டால் பின்னால் உள்ள இடைவெளியையும் தின்றுவிட்டுப் போ. கட்டளைகள் எல்லாவற்றையும் அதற்குள் போட்டாள். இந்த முறை பார்ஸர் 'அணை'யிலிருந்து பின்வாங்கி, விளக்கின் பெயரை முழுசாகப் படித்தது. மூலையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அவள் பாராட்டுக்காக நிமிர்ந்தாள். அண்ணியோ உதட்டைப் பிதுக்கினாள்.

"இருட்டுல அழுதது எவ்வளவு நல்லா இருந்துச்சு! அதையே வெச்சுக்கலாங்க."

"அண்ணி!"

அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'அணை' என்று மட்டும் தட்டினான். பார்ஸர் மறுபேச்சின்றிக் கீழ்ப்படிந்தது. தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பார்க்கத்தான் வெளிச்சமில்லை.