குலுக்காத சீசா

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது அல்ல. ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்போடு என் வீட்டுக்கு வந்தது.

துர்கையை ஆற்றில் கரைத்த மறுநாள், சின்னவர்கள் பெரியவர்கள் வீடு தேடிப் போய்க் காலில் விழுந்து இனிப்பு கொடுப்பது கொல்கத்தா வழக்கம். கார்டன் ரீச்சில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் கீதாஞ்சலியும் வந்தாள், விழுந்தாள். எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரும்மா. அங்க ஆசீர்வாதம் தீர்ந்துபோயி ரொம்ப நாளாச்சு."

"மாமா, நீங்க கதை எழுதறீங்கல்ல?"

"எழுதறேன். படிக்கத்தான் ஆள் இல்ல."

"நான் ஒண்ணு சொல்றேன். முடிவு மட்டும் போட்டுக் குடுங்க. லட்சுமி பூஜை கழிச்சு வர திங்கக்கிழமைக்குள்ள வேணும்."

என்னிடம் தேதி போட்டுக் கதை கேட்ட முதல் ஆள் அவள்தான். பத்திரிகைக்காரர்கள்கூட அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்வார்கள், தேதி சொல்ல மாட்டார்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

கொல்கத்தாவின் ஓர் ஆய்வுக்கூடத்தில், அக்டோபர் மாத ஈரக் காற்று சன்னலைத் தட்ட, கீதாஞ்சலி தன் வாழ்க்கையை—

(வேண்டாம். காற்று சன்னலைத் தட்டினால் அடுத்து யாராவது பெருமூச்சு விட்டாக வேண்டும்.)

இரண்டாம் முயற்சி:

நான் ஒரு கல். என்னை மலையிலிருந்து பெயர்த்து—

(கல்லைப் பேச வைக்க எனக்குத் துணிச்சல் போதாது. கிடர்பூர் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு கிரேன் என்னோடு பேசியது.* அதையே ஒருவரும் நம்பவில்லை.)

* சுத்தமான தமிழ். எங்கே கற்றுக்கொண்டது என்று கேட்டேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் முயற்சி. இது நேராகப் போகும்.

உலகத்தில் சில கற்கள் பரீட்சை எழுதுவதில்லை, பரீட்சை வைக்கின்றன. அவற்றுக்குத் தரக்கல் என்று பேர். ஏதோ ஒரு மலையில் நல்ல பாறையாகப் பார்த்து வெட்டி, முகப் பவுடர் மாதிரி அரைத்து, பல ஊர் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். அவர்கள் எல்லாரும் அலசி, சண்டை போட்டு, கடைசியில் இந்தக் கல்லில் இது இவ்வளவு என்று ஓர் எண்ணுக்கு ஒத்துக்கொள்வார்கள். அந்த எண் புத்தகத்தில் ஏறிவிடும். அதற்குப் பிறகு உங்கள் இயந்திரம் அதே எண்ணைச் சொன்னால் இயந்திரம் நல்லது. சொல்லாவிட்டால் தப்பு உங்கள் மேல். கல் ஒருநாளும் தப்பு செய்யாது.

கீதாஞ்சலி வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இளஞ்சிவப்பு ஓடிய சாம்பல் நிறத்தில் அப்படி ஒரு கல்மாவு, பெரிய சீசாவில், அரவை அறையின் அலமாரியில் இருக்கிறது. அதில் ஜிர்கோனியம் என்கிற உலோகம், ஜிர்கான் என்ற நுண்மணிகளுக்குள், பத்து லட்சத்துக்கு முன்னூற்றுப் பத்து பங்கு. அங்கே பழைய ஆட்களுக்கெல்லாம் இது மனப்பாடம். ஸ்ரீநிவாஸுக்குத் தன் கல்யாண நாள் மறந்துபோகும், இது மறக்காது.

3

பூஜை விடுமுறைக்கு முந்தின வாரம் இயக்குநர் ஜெய்ராம் ஒரு காரியம் சொன்னார். ஒரே கல்லை மூன்று விதமாக அலசிப் பார்த்து, எந்த முறை நம்பத் தகுந்தது என்று ஒப்பிட வேண்டும். கீதாஞ்சலி மாவை வில்லையாக அழுத்தி எக்ஸ்ரே கதிரில் வைப்பாள். ஸ்ரீநிவாஸ் உப்போடு சேர்த்து உலையில் உருக்குவான். கிரிதர் அமிலத்தில் கரைப்பான். என்ன கல் என்று யாருக்கும் தெரியக்கூடாது. பொட்டலம் கட்டும் கீதாஞ்சலிக்கு மட்டும் தெரியும்.

கிரிதர் ஈரோட்டுப் பக்கத்துப் பையன். ஒப்பந்த வேலை, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேஹாலாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, தானே சமைத்து, மீன் வாசனைக்குச் சன்னலைச் சாத்திக்கொண்டு—

(ரொம்ப நல்லவனாக வருகிறான். கதையில் இப்படி ஒரு பையன் வந்தால் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டாமலே அழத் தயாராகிவிடுவார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்: டீ குடித்த மண் கோப்பையை மேசையிலேயே விட்டுப் போவான். வேலை செய்யும்போது விசில் அடிப்பான், சுதி சேராது. வந்த மூன்றாம் மாதமே வங்காளிகளின் வங்காள மொழியையே திருத்த ஆரம்பித்தான்.)

மூன்று பொட்டலம் வந்தது. ஸ்ரீநிவாஸ் பிரித்துப் பார்த்ததுமே, "அட, நம்ம சிவப்பி!" என்றான். உலையைப் பற்ற வைத்ததாக யாரும் பார்க்கவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்தான். அந்த இரண்டு, பார்க்க உண்மையாக இருக்கட்டும் என்று.

கிரிதருக்கு அந்த மாவின் முகம் பழக்கமில்லை. கரைத்தான். இருநூற்று முப்பத்தொன்று வந்தது. மறுபடி கரைத்தான், அதேதான். எழுதிக் கொடுத்தான்.

ஜெய்ராம் கூப்பிட்டார். அவர் இங்கிலீஷிலும் வங்காளத்திலுமாகத் திட்டியதைத் தமிழில் தருகிறேன். காரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"திறந்த பாத்திரத்துல அமிலம் ஊத்தினா ஜிர்கான் மணி கரையாது. கல்லூரிப் பசங்களுக்கே தெரியுமே. உனக்கு யாருப்பா பட்டம் குடுத்தது?"

"இறுக்கி மூடின குண்டுப் பாத்திரத்துலதான் சார் போட்டேன். ராத்திரி முழுக்கச் சூட்டுல வச்சேன்."

"வச்சேன்னு நீ சொல்ற. எண் அப்படிச் சொல்லலையே."

"கீதாக்காவைக் கேளுங்க சார். குண்டை அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க."

பூஜை முடிந்து திங்கட்கிழமைக் கூட்டத்தில் கேட்கிறேன் என்றார் ஜெய்ராம். ஒப்பந்தம் நீளுமா என்பதும் அன்றைக்குத்தான். கை சுத்தமில்லை என்று குறிப்பு எழுதி அனுப்பினால், அதற்கப்புறம் எந்த ஆய்வுக்கூடமும் அவனை உள்ளே விடாது.

3 (மறுபடியும், ஏனென்றால் மேலே ஒன்றை விட்டுவிட்டேன்)

கீதாஞ்சலியின் எக்ஸ்ரேயிலும் முதலில் வந்தது இருநூற்று முப்பதுதான்.

வில்லை சரியாக அமையவில்லை என்று நினைத்தாள். வேறு வில்லை அழுத்தினாள். அதே எண். இயந்திரம் நகர்ந்துபோயிருக்கிறது என்று நினைத்தாள். கல் தப்பு செய்யாதே. அளவுகோலை மெல்ல மெல்லத் திருகி, முன்னூற்றுப் பத்து வந்ததும் நிறுத்தி, கையெழுத்துப் போட்டாள். இதில் அவளுக்குக் கள்ளம் ஏதும் இல்லை. மெதுவாக ஓடும் கடிகாரத்தை வானொலி கேட்டுத் திருத்துவது மாதிரிதான் செய்தாள்.

கிரிதரும் அதே எண்ணோடு வந்து நின்ற பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. எக்ஸ்ரேயில் எதுவும் கரைய வேண்டியதில்லை. அமிலத்தின் தப்பு என்றால் அவளுக்கு எப்படிக் குறைந்தது?

சீசாவைப் போய்ப் பார்த்தாள். அலமாரிக்குக் கீழே அரவை இயந்திரம். நாளெல்லாம் ஆடும், அலமாரியும் ஆடும். ஜிர்கான் மணிகள் கனமானவை. மாதக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. அதனால்தான் அள்ளுவதற்கு முன்னால் சீசாவைப் படுக்கப் போட்டு நன்றாக உருட்ட வேண்டும், தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. பொட்டலம் கட்டிய அன்றைக்குப் பூஜைக் கடைவீதிக்குப் போகும் அவசரம். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மூடியைத் திறந்தாள், மேலாக அள்ளினாள், கட்டினாள்.

இயந்திரத்தைப் பழையபடி திருகி வைத்துவிட்டு, அடி மாவை நீளக் கரண்டியால் எடுத்துத் தனியாக அலசினாள். முன்னூற்றுத் தொண்ணூறு.

ஆக, மூன்று பேரில் கல்லை உண்மையாக அளந்து உள்ளபடி எழுதியவன் ஒருவன்தான். அவன் எண்தான் மற்றவர்களோடு சேரவில்லை.

4

முடிவுகள். கேட்டபடி போட்டுத் தருகிறேன், பொறுக்கிக்கொள்ளலாம்.

அ. கூட்டத்தில் எழுந்து நின்று, "எனக்கும் அதேதான் வந்தது" என்கிறாள். ஸ்ரீநிவாஸ் விட்டத்தைப் பார்க்கிறான். ஜெய்ராம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை திருகியிருக்கீங்க?" அவளுக்கே தெரியாது. அதுதான் பயம். அவள் கையெழுத்தை நம்பித் தோண்டிய சுரங்கம் இருக்கிறது, தோண்டாமல் விட்ட சுரங்கமும் இருக்கிறது. அத்தனை வருஷத்து எண்ணையும் திரும்ப எடுத்து—

(இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.)

ஆ. வாயைத் திறக்கவில்லை. கிரிதர் ஊருக்குக் கிளம்புகிறான். ஹவுரா ஸ்டேஷனில் வழியனுப்பப் போகிறாள். பூரி கட்டிய பொட்டலத்தைச் சன்னல் வழியாகக் கொடுக்கிறாள். "நீங்க ஒருத்தர்தாங்க்கா வந்தீங்க" என்கிறான். வண்டி நகர்கிறது.

(இதை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.)

இ. கூட்டம் நடக்கையில் பூமி லேசாக அதிர்கிறது. சீசா அலமாரியிலிருந்து தானாகவே உருண்டு, தரையெல்லாம் உருண்டு, நன்றாகக் கலந்து, ஜெய்ராமின் மேசைமேல் ஏறி நிற்கிறது. எல்லாரும் மறுபடி அலசுகிறார்கள். எல்லாருக்கும் முன்னூற்றுப் பத்து.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. என்னுடைய எல்லாக் கதைகளும் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

5

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீதாஞ்சலி இறங்கி வந்தாள். பந்தலைப் பிரித்த மூங்கில்கள் தெருவோரம் குவிந்து கிடந்தன. தாள்களைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். பூகம்பம் வந்த இடத்திலும் சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கா?"

"என்னை நல்லவளா எழுதியிருக்கீங்க மாமா."

"நீ சொன்னதைத்தானே எழுதினேன்?"

"ஆமா. நான் சொன்னதைத்தான்."

உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

எண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் கிரிதர் அவளிடம் வந்திருக்கிறான். வாசல் டீக்கடையில், கையில் மண் கோப்பையோடு. "அக்கா, உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு? எனக்கு ரொம்பக் கம்மியா வருது. கல்லே அப்படியா, என் கை அப்படியான்னு தெரியல. சொன்னீங்கன்னா நிம்மதியாயிடும்."

அவள் முன்னூற்றுப் பத்து என்றிருக்கிறாள்.

அவன் கொஞ்சம் யோசித்திருக்கிறான். "அப்ப என் கைதாங்க்கா. ஆனா என்ன பண்ண, எனக்கு வந்ததைத்தானே நான் எழுத முடியும்?" என்று சிரித்து, கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறான்.

"அந்தக் கோப்பையை நான்தான் மாமா எடுத்துப் போட்டேன்" என்றாள்.

6

(இந்தப் பகுதியில் முடிவு வரவேண்டும்.)

இந்தக் கதையையும் நான் மேலாகத்தான் அள்ளியிருக்கிறேன். அவள் காலில் விழுந்து எழுந்த சூட்டோடு சொன்னதை, கவிழ்த்துக் குலுக்காமல் அப்படியே எடுத்துப் பொட்டலம் கட்டிவிட்டேன். அந்த டீக்கடை அடியில் கிடந்தது. அதைச் சேர்த்துப் பார்த்தால் நான் போட்ட மூன்று முடிவில் ஒன்றும் எடை தேறவில்லை. இ-யை அடித்துவிட்டேன். ஆ-வை அடிக்கப் பேனாவை எடுத்தேன், அடிக்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் வரவில்லை.

இன்று திங்கட்கிழமை. காலையில் மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. வழக்கமாக நிற்காமல் இறங்குவாள். இன்று என் கதவுக்கு வெளியே நின்றது. திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். இத்தனை வயதுக்கு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றுகூட அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன். சத்தம் மெதுவாகக் கீழே இறங்கியது.

கூட்டம் இந்நேரம் தொடங்கியிருக்கும். ஜெய்ராம் தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பக்கம் திரும்பியிருப்பார். என்னிடம் எழுத வேறெதுவும் இல்லை. சீசாவை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன்.

மூடியைத் திறக்காதீர்கள். முதலில் படுக்கப் போட்டு உருட்டுங்கள்.