பொருந்தின பாட்டு

எங்கள் வீட்டு வேப்பமரத்தில் ஒரு மைனா இருக்கிறது. அது பாட்டுப் பாடும், கடைசியில் சின்னப் பிள்ளைபோலச் சிரிக்கும். நான் சொன்னால் கல்முனையில் ஒருவரும் நம்புவதில்லை. நிந்தவூர்க் கடலில் ஒரு சுறா என்னிடம் கரைக்கு வழி கேட்டதையும் இவர்கள் நம்பவில்லை. அதற்குச் சாட்சி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். மைனாவுக்குச் சாட்சி உண்டு.

மைனாவுக்குப் பாட்டு வந்தது, பேக்கரியிலிருந்து தெருத்தெருவாகப் பாண் விற்க வரும் ஓட்டோவிலிருந்து. மற்ற ஊர்களில் பாண் ஓட்டோ வந்தால் ஏதோ வெளிநாட்டு இசை கேட்கும். எங்கள் தெருவுக்கு வரும் பேக்கரிக்கார இஹ்ஸானின் ஓட்டோவில் ஓர் ஆண்குரல் தாலாட்டுப் பாடியது.

"கண்ணுறங்கு என் கிளியே, கடலும் உறங்குது பார்."

பாட்டு முடிந்ததும் ஒரு குழந்தை கலகலவென்று சிரிக்கும். உடனே ஓட்டுகிறவன், "பாண், பணிஸ், மாலு பணிஸ்!" என்று கூவுவான். விடியற்காலையில் தாலாட்டுக் கேட்டதால் ஆடுகள் மறுபடி படுத்துக்கொண்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நித்திரையிலேயே நடந்துபோய் வகுப்பில் கண்விழித்தார்கள். இதையெல்லாம் நான் கண்ணால் கண்டேன்.

குரல் எதிர்வீட்டுக் காலிதீனுடையது. தையற்காரன், என்னைவிட இளையவன், அதிகம் பேசமாட்டான். பாட்டைக் கட்டியவனும் அவனே. சிரிப்பு அவன் மகள் அம்ஹாவுடையது.

அம்ஹாவுக்கு மூன்று வயதானபோது அவளை மடியில் வைத்து இந்தப் பாட்டைப் பாடிப் பதிந்தான். அப்போது இஹ்ஸான் பேக்கரிக்காரன் அல்ல. பஸாரில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்தான். ஒரு கசெட் காலிதீன் வீட்டுக்குப் போயிற்று. மூலக் கசெட் கடையில் கிடந்தது. அம்ஹா அடுத்த வருடம் பாலர் பள்ளிக்கூடம் சேர இருந்தாள். அதற்குமுன் கடல் வந்தது. அவளையும் கொண்டுபோயிற்று, வீட்டிலிருந்த கசெட்டையும் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலிதீனும் மனைவி றாஹிலாவும் மகளின் பெயரை வாயால் எடுத்ததில்லை. உப்பு இருக்கா, நூல் முடிஞ்சிட்டா, இவ்வளவுதான் பேச்சு.

இருபது வருடம் கழித்து இஹ்ஸான் பழைய பெட்டியைக் கிளறியபோது மூலம் அகப்பட்டது. நல்ல பாட்டு, வீணாகக் கிடக்கிறது என்று ஓட்டோவில் போட்டுவிட்டான். கெட்ட எண்ணம் கிடையாது. யோசனையும் கிடையாது.

முதல் நாள் பாட்டுக் கேட்டபோது காலிதீன் வெட்டிக்கொண்டிருந்த துணியைக் குறுக்கே வெட்டிவிட்டான். இஹ்ஸானைக் கண்டு கேட்கவேண்டும் என்று என்னிடம் சொன்னான். ஆனால் அந்தக் கிழமையே இஹ்ஸான் அவன் வாசலுக்கு வந்து நின்றான், வெள்ளை உடுத்து, கண் கலங்கி. ஹஜ்ஜுக்குப் போகிறான். எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடுவீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பார். அதைப் பொருத்தம் கேட்பது என்போம், மன்னிப்பதைப் பொருந்துவது என்போம்.

"மச்சான், நான் ஏதும் பிழ செஞ்சிருந்தா பொருந்திக்கங்க," என்று என் முன்னாலேயே காலிதீனைக் கட்டிப்பிடித்தான்.

அந்த நேரத்தில் எவன் இல்லை என்பான்?

"பொருந்திட்டன்," என்றான் காலிதீன்.

இஹ்ஸான் ஹாஜியாராகத் திரும்பி வந்தான். பாட்டு நிற்கவில்லை. இன்னுமொரு ஓட்டோ வாங்கி அதிலும் போட்டான். காலிதீன் பேக்கரிக்குப் போனான். நானும் கூடப் போனேன், பணிஸ் தருவார்கள் என்று.

"அந்தப் பாட்ட நிப்பாட்டுங்க ஹாஜியார்."

"என்ன மச்சான் இப்பிடிக் கதைக்கிறீங்க? நீங்க பொருந்தின பாட்டுத்தானே? இந்தா, காக்காவும் நிண்டவர்." என்னைக் கைகாட்டினான். எங்கள் ஊரில் மூத்தவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் பொருந்தினது பிழைய. பாட்ட இல்ல."

"அப்ப பாட்டுப் போட்டது பிழையெண்டுதானே பொருந்தினீங்க? பொருந்தினா முடிஞ்சிது. பதிஞ்சதும் நான். கசெட்டும் என்ட."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பணிஸும் நன்றாக இருந்தது. காலிதீன் மட்டும் தொடவில்லை.

மறுநாள் கல்முனையில் சட்டத்தரணி யசோதினியிடம் போனோம். பக்கத்து ஊரான பாண்டிருப்புப் பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாட்ட எங்கயாவது பதிவு செஞ்ச நீங்களா ஐயா?" என்று காலிதீனிடம் கேட்டாள்.

"இல்ல புள்ள. அப்ப ஒண்டும் ஏலாதா?"

"பதியத் தேவையில்ல. நீங்க கட்டின உடனே அது உங்கட. எழுதி வச்சாலும் சரி, பாடிப் பதிஞ்சாலும் சரி. பதிஞ்சவருக்கு அந்தப் பதிவில ஒரு பங்கு உரிமை இருக்கு. அதுக்காக உங்களக் கேக்காமப் பாட்டப் போடேலாது. வீட்டுக்குள்ள கேட்டா அது வேற. தெருவில யாவாரத்துக்குப் போடுறாரே."

"பொருந்தினது?" என்று கேட்டேன் நான்.

அவள் சிரித்தாள். "அது ஆண்டவனுக்கு முன்னால செல்லும் ஐயா. உரிமைய ஒருத்தருக்குக் குடுக்கிறதெண்டா எழுத்தில வேணும், கையெழுத்தோட. பாட்டோட சேத்துப் பணிஸ் பணிஸெண்டு கத்துறாங்களே, பாட்டக் கெடுத்தா அதையும் கேக்கலாம். ஆக்கினவருக்கு அந்த மரியாதையும் சட்டத்தில இருக்கு."

"எவ்வளவு காலத்துக்கு?"

"உங்கட சீவிய காலம் முழுக்க. நீங்க இல்லாமப் போன பிறகும் எழுபது வருசம். அது உங்கட பிள்ளையளுக்கு."

காலிதீன் தன் கைகளைப் பார்த்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. பேனையை மூடித் திறந்தாள்.

பிறகு மெதுவாக, "நிப்பாட்டச் சொல்லி அனுப்புறன். அவரிட்ட இருக்கிற பிரதிகள உங்களிட்டத் தரச் சொல்லவா, அழிக்கச் சொல்லவா?" என்றாள்.

"அழிக்கோணும்."

"உங்களிட்ட வேற பிரதி இருக்கா?"

"எனக்குத் தேவல்ல."

"வீட்டில ஒருக்காக் கேட்டுப் பாருங்களன்."

"பாட்டு என்ட எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் தலையாட்டிவிட்டு எழுதினாள். எனக்கு எல்லா விஷயத்திலும் பொய் வரும், அந்த நேரம் ஒரு உண்மைகூட வரவில்லை.

இஹ்ஸான் ஹாஜியார் பயந்த மனிதர். கடிதம் கிடைத்த அன்றே எல்லாவற்றையும் அழித்தார். ஓட்டோவிலிருந்ததை அழித்தார், ஃபோனிலிருந்ததை அழித்தார், மூலக் கசெட்டைப் பாண் சுடும் போறணை நெருப்புக்குள் போட்டார். அன்றைய பாணைக் கடித்தவர்களுக்கெல்லாம் நித்திரை வந்தது என்று நான் சொல்லித் திரிந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஓட்டோ வெறும் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. றாஹிலா வழக்கம்போல வாசலில் நின்றாள். ஓட்டோ நிற்க, பாண் வாங்கவில்லை. அது தெரு முடக்கில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்குத் தட்டியது. அந்த வீட்டில் காலைக்குப் பிட்டுத்தான். காலிதீனுக்குச் சீனி வருத்தம், பாணைத் தொடமாட்டான். ஆனால் பாட்டு வந்த நாளிலிருந்து றாஹிலா தினமும் பாண் வாங்கினாள். அத்தனையும் கோழிகள் தின்றன.

"காக்கா, பாண்காரன் ஏன் பாடாமப் போறான்?" என்று தெருவுக்கு அப்பாலிருந்து என்னைக் கேட்டாள்.

உள்ளே தையல் மெஷின் நின்றது. காலிதீன் வாசலுக்கு வந்தான்.

"நான்தான் நிப்பாட்டினன். சட்டப்படி."

"ஏன்?"

"அது என்ட பாட்டு."

றாஹிலா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாட்டு உங்கட. சிரிப்பு ஆருட?"

காலிதீன் சாரத்தை மடித்துக் கட்டினான், செருப்பில்லாமல் பேக்கரிக்கு ஓடினான். என் காலுக்கு அவனை எட்ட முடியவில்லை. நான் போய்ச் சேரும்போது இஹ்ஸான் ஹாஜியார் மாவுக் கையோடு அழுதுகொண்டிருந்தார்.

"ஒண்டும் மிச்சமில்ல மச்சான். நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க? பொருந்திக்கங்க."

இந்தத் தரம் காலிதீன் பொருந்தினேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போறணையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வீட்டுக்கு வந்து மெஷினை மூடிவைத்தான். றாஹிலா அடுப்பை மூட்டவில்லை. உப்பு, நூல் என்று இருந்த பேச்சும் போயிற்று.

நான் றாஹிலாவிடம் போய், "எங்கட வேம்பில ஒரு மைனா இரிக்கி. அந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிட்டு. கடைசில அதே சிரிப்பு," என்றேன்.

சுறாக் கதையைக் கேட்டு என்னைத் துரத்தியவள் அவள். இப்போது நின்று கேட்டாள்.

மறுநாள் வெறும் ஹோர்ன் ஓட்டோவை மறித்து ஒரு பாண் வாங்கினாள். எங்கள் முற்றத்துக்கு வந்து, வேம்பின் கீழ் பிய்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் காலிதீனும் வந்தான். அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, மரத்துக்கு அந்தப் பக்கம் குந்தினான்.

மைனா இறங்கி வந்தது. பாணைக் கொத்தியது. கழுத்தைத் தூக்கிக் கத்தியது. எல்லா மைனாவும் கத்துவதுபோலத்தான் கத்தியது.

"சிரிச்சிட்டு," என்றாள் றாஹிலா.

நான் காலிதீனைப் பார்த்தேன்.

"ஓம்," என்றான்.