மொக்கையன் துண்டில் ஒரு முடிச்சு

“கத்தியை மடக்குங்க மாமா” என்று சொல்லிவிட்டு இருளம்மாள் புருஷனின் துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

மூத்தார் வெள்ளைத்துரைக்குக் கோபம் வந்தது. தம்பி செத்த வீட்டில் எல்லாச் சோலியையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர் அவர். பாடை கட்டியாயிற்று, குளிப்பாட்டியாயிற்று, அரணாக்கயிற்றை அறுத்தாயிற்று. மிச்சம் இருந்தது மொக்கையனின் தோளில் கிடந்த துண்டும் அதன் ஓரத்தில் ஒரு முடிச்சும்தான். அவர்கள் வகையறாவில் முடிச்சோடு யாரையும் மண்ணுக்குள் வைப்பதில்லை. கட்டிவைத்த கால் பெருவிரலைக்கூடக் காட்டுக்குப் போனதும் அவிழ்த்துவிடுவார்கள்.

“அவுக்கவும் விடமாட்டேங்கிற, அறுக்கவும் விடமாட்டேங்கிற. துண்டை உருவி வச்சுட்டுத் தூக்குவோம்னாலும் மாட்டேங்கிற. என்னதாம்த்தா செய்யச் சொல்ற?”

“துண்டு இல்லாம அவுக மாட்டுத்தொழுவுக்குக்கூடப் போனதில்லை. மெட்டுல இருந்து ஆளு இறங்கிட்டு இருக்கு. வரட்டும்.”

“வந்து?”

“வந்து அவுப்பாக.”

இருளம்மாள் அதைச் சொன்ன விதத்தில், வெள்ளைத்துரை கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். சந்தையில் விலை சொல்கிறவனே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வான்.

மொக்கையன் பொதிமாடு ஓட்டுகிறவன். போடியில் அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற போடிமெட்டுக்குப் போவான். இறங்கும்போது ஏலக்காய் மூட்டையோடு வருவான். மேலே காய் உலர்த்துகிற கொட்டடியில் கனப்பு அணையாமல் எரியும். மழை பிடித்துக்கொண்டால் மாட்டுக்காரர்கள் அங்கேயே முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். அப்படிக் கிடந்த ஒரு மழையில் கூட மாடு ஓட்டுகிற காசிமாயன் மதுரையிலிருந்து வாங்கிவந்த பெரிய எழுத்துப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தான். ஏழு மலை தாண்டிப் பாதாளத்துக்குப் போய் அரக்கனைக் கொன்று பவளம் கொண்டுவந்த ராஜா கதை. அதில் பறக்கிற குதிரை உண்டு, பேசுகிற மரம் உண்டு, கண்ணைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குகிற அரக்கி உண்டு. நாலைந்து பேரும் அந்தக் கதைக்குப் பைத்தியமாகிப் போனார்கள். மனப்பாடம் ஆனபிறகும் விடவில்லை. கதையை வைத்து ஒருவருக்கொருவர் விடுகதை போட ஆரம்பித்தார்கள்.

அதற்கு ஒரு கட்டுத்திட்டமும் வைத்துக்கொண்டார்கள். விடுகதை போடுகிறவன் விடைக்கு அடையாளமாக ஒரு பொருளைத் துண்டின் ஓரத்தில் வைத்து முடிந்துகொள்ள வேண்டும். பிறகு விடையை மாற்றிப் புளுக முடியாது அல்லவா. விடை சொல்கிறவன் முதலில் வாயால் சொல்லிவிட்டு, தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். பொருந்தினால் அந்த நடை முழுக்க அவன்தான் ராஜா. பொருந்தாவிட்டால் எல்லார் மாட்டுக்கும் தண்ணீர் காட்ட வேண்டும். விடை வராதவரைக்கும் முடிச்சை யாரும் தொடக்கூடாது. போட்டவனே தொடக்கூடாது.

மொக்கையனுக்குக் கதையைச் சொல்லத் தெரியும். விடுகதை போட வராது. முதல் தடவை வெறுங்கையாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, அடுப்பங்கரையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். இருளம்மாள் அப்போது அவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“ராசாவைச் சுமக்கும். தலையை வெட்டினா கடல்ல புரளும். என்னன்னு கேளுங்க.”

அவனுக்கு விளங்கவில்லை. “குதிரைய்யா. குவன்னாவை எடுத்தா திரை. அலை” என்று சொல்லி, துண்டின் ஓரத்தில் நாலு கொள்ளுப் பயறை வைத்து, பல்லால் கடித்து இழுத்து இறுக்கிக் கொடுத்தாள். மெட்டில் அதை அவிழ்க்க மூன்று நாள் ஆனதாம். இறங்கிவந்தவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதற்குப்பிறகு ஒவ்வொரு நடைக்கும் சோற்றோடு ஒரு முடிச்சும் கட்டிக் கொடுப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. மேலே அவனுக்கு ‘முடிச்சு மொக்கையன்’ என்று பெயர் விழுந்தது. கங்காணி முதற்கொண்டு அவனைப் பார்த்தால் உட்காரச் சொல்லிப் பேசினார்கள். முடிச்சு யாருடையது என்பது இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இருளம்மாளும் வாயைத் திறந்ததில்லை. அவன் அந்தப் பெயரை எவ்வளவு ஆசையாக வைத்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசி நடையில் மலைக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. மாட்டின் முதுகில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். கண் திறந்தான், பேச்சு வரவில்லை. இன்று விடிய உயிர் போய்விட்டது.

இருளம்மாளுக்கு இந்த முடிச்சைப் பற்றிக் கவலையே இல்லை. கட்டிக்கொடுத்தவள் அவள்தானே. ‘காலுக்குக் கீழே கிடக்கும், தலையை எடுத்தால் பாட்டுக்கு ஆகும்.’ பாதாளம், தாளம். அடையாளத்துக்கு ஒரு சலங்கை மணி வைத்திருந்தாள். காசிமாயன் வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, காய்ச்சலில் அவர் முனகினார் என்று விடையைக் காதில் போட்டுவிட வேண்டியது. அவன் சொல்லி அவிழ்ப்பான். முடிச்சு மொக்கையன் முடிச்சு மொக்கையனாகவே போய்ச் சேருவான். அவளால் அவனுக்கு இனிமேல் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று இருந்தாள்.

துண்டைச் சரியாக இழுத்துவிடும்போதுதான் விரல் முடிச்சில் பட்டது. தளர்வாக இருந்தது. அவள் போட்டால் நகம் நுழையாது. லேசாக ஆட்டிப் பார்த்தாள். மணி ஒலிக்கவில்லை.

இன்னொரு தரம் ஆட்டினாள். உள்ளே ஏதோ இருந்தது. மணி இல்லை.

அதற்குள் தெருவில் ஆள் அரவம் கேட்டது. காசிமாயனும் இன்னும் மூன்று மாட்டுக்காரர்களும் மழையில் நனைந்த கம்பளியோடு வந்து நின்றார்கள். காசிமாயன் பாடைப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பிறகு மொக்கையனின் காலைத் தொட்டுவிட்டு எழுந்தான்.

“மதினி, முடிச்சு இன்னும் அவுக்கலைன்னு சொன்னாக.”

“ஒங்களுக்குத்தான் காத்திருக்கு தம்பி. என்ன கேட்டாக அவுக? ஒருக்காச் சொல்லுங்க.”

காசிமாயன் சொன்னான்.

“ஏழு மலை, ஏழு உச்சி. ஒவ்வொரு உச்சியிலயும் ராசா அவுத்தான். அவுத்தவன் பேரு நாடெல்லாம் தெரியும். கட்டுனது யாரு? இதான் மதினி. நாங்களும் புஸ்தகத்தைத் தலைகீழாப் பொரட்டிட்டோம். ராசா உச்சியில அவுக்கிறது கட்டுச்சோறு. அது வரைக்கும் தெரியுது. எத்தனை மலை ஏறினாலும் ஆறாத சோறு. முடிச்சைத் தொடாம, ராசாவோட ஆத்தாவான்னு கேட்டுப் பாத்தோம், இல்லைன்னுட்டாரு. வனதேவதைன்னோம், அரக்கி மகன்னோம். எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டுச் சிரிச்சாரு. கதையில அதைக் கட்டினவுக பேரே இல்லை. இப்படி ஒரு விடுகதையை அவரு போட்டதே இல்லை.”

இது அவள் போட்டது இல்லை. அவள் கட்டிக்கொடுத்த முடிச்சை வழியில் எங்கோ அவிழ்த்துவிட்டு, மணியை எடுத்துவிட்டு, அவன் சொந்தமாக ஒன்று முடிந்திருக்கிறான். எழுத்தை வெட்டவும் ஒட்டவும் தெரியாத மனுஷன், இத்தனை வருஷம் கழித்து. எந்த வளைவில் நின்று யோசித்தானோ, எந்த மாட்டின் மேல் சாய்ந்துகொண்டு முடிந்தானோ.

விடை அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. இத்தனை காலம் அவள் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றிய பெயரை அவனே கொண்டுபோய் நடுக்கொட்டடியில் வைத்து, கட்டினது யார் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறான். கொஞ்சம் யோசித்தால் காசிமாயனுக்குப் பிடிபட்டுவிடும். அவள் விடையைச் சொன்னால் முடிச்சு மொக்கையன் என்ற பெயர் இந்த வாசலிலேயே விழுந்துவிடும். சொல்லாவிட்டால் மூத்தாரின் கத்திதான்.

“நேரமாகுது” என்றார் வெள்ளைத்துரை. “ஆளுக வந்தும் ஆகலையே. கொண்டா, அறுத்துடுவோம்.”

கத்தி திரும்பவும் வெளியே வந்தது.

இருளம்மாள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கேட்டவன் அவன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அனுப்பினால் அது என்ன நியாயம்.

“நான் சொல்றேன்” என்றாள்.

“நீயா? பொம்பளைக்கு இதுல என்னத்தா இருக்கு?”

காசிமாயன் குறுக்கே வந்தான். “ஆம்பளைதான் அவுக்கணும்னு நாங்க ஒண்ணும் வைக்கலைண்ணே. அங்க பொம்பளை யாரும் வந்ததில்லை, அம்புட்டுதான். சொல்லுங்க மதினி. ஆனா பொருந்தலைன்னா…”

“ஒங்க மாடு எல்லாத்துக்கும் நான் தண்ணி காட்டுறேன்.”

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட அடங்கிவிட்டார்கள். வகையறா முழுக்க நிற்கிறது, பிணம் கிடக்கிறது, விடை தவறினால் ஆயுசுக்கும் பேச்சுத்தான். இருளம்மாளின் குரல் சந்தையில் பேசுகிற மாதிரியே வந்தது.

“கட்டுனது அவன் வீட்டுக்காரி. மலைக்கு வராதவ. கதையில அவளுக்குப் பேரு கிடையாது. அவ அடுப்பங்கரையில கட்டுறா, இவன் உச்சியில போயி அவுக்கிறான். பேரு இவனுக்கு.”

சொல்லிவிட்டு முடிச்சில் கைவைத்தாள். பல்லும் வேண்டாம், நகமும் வேண்டாம், ஒரு இழுப்பில் வந்துவிட்டது. உள்ளங்கையில் விழுந்தது ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு.

அவளுக்கு அந்தத் துண்டைத் தெரியும். ஒருநாள் கம்பு குத்தும்போது வளையல் உடைந்து தெறித்தது. மாட்டுக் காலில் குத்திவிடும், தேடி எடுங்கள் என்று சொன்னாள். குனிந்து தேடிவிட்டு, காணோம் என்றான். அந்த ஆளுக்குப் பொய் சொல்ல வராது என்று இன்றுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள்.

காசிமாயன் வளையல் துண்டையும் அவள் மணிக்கட்டில் கிடந்த பச்சை வளையல்களையும் மாறிமாறிப் பார்த்தான். அவன் முகம் மெதுவாக மாறியது.

“மதினி. குதிரைக்குக் கொள்ளு வச்சது?”

“நான்தான்.”

“பவளத்துக்குத் தலையை எடுத்து வளம்னு போட்டது?”

“அதுவும்தான்.”

“அப்ப இத்தனை நாளா நாங்க ஒங்ககிட்டயா தோத்துக்கிட்டு இருந்தோம்?”

மாட்டுக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். செத்த வீடு என்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டான். வெள்ளைத்துரை என்ன நடக்கிறது என்று புரியாமல் கத்தியும் கையுமாக நின்றார்.

“எங்கிட்டத் தோத்தது இருக்கட்டும் தம்பி” என்றாள் இருளம்மாள். “இதை நான் போடலை. நான் கட்டிக்கொடுத்தது வேற. இதை அவுகளே நெனைச்சு, அவுகளே முடிஞ்சது. நீங்க இத்தனை பேரும் புஸ்தகத்தைப் பொரட்டி உக்காந்திருந்தும் அவுக்க முடியலை. போயி மெட்டுல சொல்லுங்க.”

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை.

“நல்லாவே போட்டிருக்காக. என்னைவிட நல்லாப் போட்டிருக்காக.”

காசிமாயன் தலையை ஆட்டினான். “சொல்றேன் மதினி. முடிச்சு மொக்கையனை எங்களால அவுக்க முடியலைன்னே சொல்றேன்.” அவன் குனிந்து துண்டின் ஓரத்தை நீவிவிட்டான். முடிச்சு இருந்த இடத்தில் துணி கசங்கிக் கிடந்தது. எவ்வளவு நீவியும் கசங்கல் போகவில்லை, அப்படியே விட்டுவிட்டான்.

வெள்ளைத்துரை கத்தியை மடக்கினார். “ஆச்சா? தூக்குங்கப்பா” என்றார். குரல் முன்னைப்போல் இல்லை.

மாட்டுக்காரர்கள் நாலு பேரும் யாரையும் கேட்காமல் போய்த் தோள் கொடுத்தார்கள். மலையேறிப் பழகியவர்கள், நடை ஒன்றுபோல் இருந்தது. சங்கு ஊதுகிற சத்தம் தெருமுனை தாண்டி, வாய்க்கால் பக்கம் போய்த் தேய்ந்தது. மேற்கே மெட்டு முழுக்க மேகம் இறங்கியிருந்தது.

இருளம்மாள் வளையல் துண்டை வலது கைக்குள் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அய்யம்மாள் கிழவியும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு சொம்புத் தண்ணீரோடு அவள் பக்கத்தில் வந்தார்கள். அவர்களும் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். எதற்கு வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

“கையக் கொண்டா ஆத்தா” என்றாள் அய்யம்மாள். “வெரசா முடிச்சுருவோம். வலிக்காம ஒடைக்கிறேன்.”

இருளம்மாள் முதலில் இடது கையை நீட்டினாள். வளையல் ஒவ்வொன்றாக உடைந்து தரையில் விழுந்தது.

“இந்தக் கையையும் கொண்டா.”

வலது கையையும் நீட்டினாள். அய்யம்மாள் வளையல்களை உடைத்து முடித்தாள். கைகழுவத் தண்ணீர் ஊற்றுவதற்குச் சொம்பைச் சாய்த்து, விரலைப் பிரி என்று சொன்னாள்.

இருளம்மாள் விரலைப் பிரிக்கவில்லை. மூடிய கையின் மேலேயே தண்ணீரை வாங்கிக்கொண்டாள்.