தலைகீழ் யானை

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அன்றும் அப்படித்தான். செஸ் போட்டியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் வீட்டுக்கு வந்து சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு ஆம்லெட் போட்டு என் முன்னால் வைத்தார். நான் முட்டை வாங்கி வரும் ஒவ்வொரு தடவையும் இதுதான் அவர் வழக்கம். நாத்தனார் எதிரே உட்கார்ந்துகொண்டு, "உப்பு சரியா இருக்கா அண்ணி?" என்று அக்கறையாக விசாரித்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"அடுத்த போட்டியில ஒரு ஆட்டமாவது ஜெயிக்கலைன்னா, இனிமே செஸ் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

நாத்தனார் வக்கீல் ஆபீசில் வேலை பார்ப்பவள். சும்மா விடுவாளா? ஆட்டம் சமனாகிக் கிடைக்கிற அரைப் புள்ளி செல்லாது, எதிராளி வராமல் போய்க் கிடைக்கிற புள்ளியும் செல்லாது என்று அங்கேயே நிபந்தனை போட்டாள். வீட்டுக்காரர் சாட்சி. நானும் ரோஷத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. எனக்கென்று இருப்பது இந்த விளையாட்டு ஒன்றுதான், அதையும் வாயால் பணயம் வைத்துவிட்டேன்.

கைப்பேசியில் நான் புலி. நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில், ஃபிரேம் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களை எல்லாம் துவம்சம் செய்திருக்கிறேன். ஆனால் மனுஷனுக்கு எதிரே உட்கார்ந்து காயைக் கையால் நகர்த்துவது வேறு சமாசாரம். முதல் போட்டியில் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்க மறந்தேன். எதிராளி யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு என் நேரம் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். அந்த மகானும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். இன்னொரு தடவை, ராஜா கட்டத்துக்குள் கோணலாக நிற்கிறதே என்று லேசாக நேராக்கினேன். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டுமாம். நகர்த்தினேன், செத்தேன். அடுத்தவர் மூக்கின் மேல் இருப்பதை நேராக்குவதுதான் என் பிழைப்பு. கோணலைக் கண்டால் கை தானாகப் போய்விடுகிறது, நான் என்ன செய்ய?

அடுத்த போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மொத்தம் ஐந்து சுற்று. முதல் சுற்றில் ஒரு கல்லூரிப் பெண், நான் வாங்கி வைத்த காபி ஆறுவதற்குள் என்னை முடித்துவிட்டுக் கைகுலுக்கினாள். இரண்டாவதும் மூன்றாவதும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நான்காவதில் ஜெயிக்கிற நிலைமையில் இருந்தேன். சந்தோஷம் தாங்காமல் ராணியைத் தாரை வார்த்தேன்.

தோற்றவர்களைத் தோற்றவர்களோடு கோத்துவிடுவது போட்டி வழக்கம். கடைசிச் சுற்றில் எனக்குக் கடைசி மேசை, துடைப்பம் வைக்கிற அறைக்குப் பக்கத்தில். எதிரே என்னைப் போலவே நாலும் தோற்ற ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர், சிரித்த முகம். வெட்டிய காயைப் பல் பிடுங்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கி உள்ளங்கையில் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் கண்ணாடிதான் என் உயிரை வாங்கியது. இடது பக்கம் இறங்கி, வலது பக்கம் ஏறி, ஒரு காதில் நிற்கிறதா நிற்கவில்லையா என்று தொங்கியது. நான் பலகையைப் பார்ப்பேனா, அந்தக் கண்ணாடியைப் பார்ப்பேனா?

இருந்தாலும் ஆட்டம் என் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அவரிடம் நேரமும் குறைவாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து, அவர் குனிந்தபோது கண்ணாடியின் திருகாணி கழன்று எங்கேயோ போக, ஒரு லென்ஸ் பலகையின் நடுவில் பொத்தென்று விழுந்தது. மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகைக்கு முகத்தைக் கொடுத்துத் தடவ ஆரம்பித்தார். அவர் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், நேரம் தீர்ந்து புள்ளி என்னுடையது.

பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் வந்து கடிகாரத்தை நிறுத்தினார். என் கைப்பையில் எப்போதும் சின்ன ஸ்குரூ டிரைவரும் நாலைந்து திருகாணிகளும் கிடக்கும். லென்ஸை மாட்டி முடுக்கி, ஆட்டம் தொடங்கியதிலிருந்து என்னைப் படுத்தி வைத்த அந்தக் கோணலையும் ஒரு அழுத்து அழுத்தி நேராக்கி, அவர் மூக்கில் நானே மாட்டிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். நடுவர் உஷ் என்றார்.

கண்ணாடி நேரானதும் அவர் ஆட்டமும் நேராகிவிட்டது. என் குதிரை போனது, யானைகள் போயின, ராணிக்கு ராணி வெட்டுப்பட்டது. எனக்கு நானே சூனியம் வைத்துக்கொண்டேனே என்று மனசுக்குள் என்னைத் திட்டிக்கொண்டே ஆடினேன். கடைசியில் பலகையில் மிஞ்சியது மூன்றே காய்கள். அவருக்கு ஓரத்தில் ஒதுங்கிய ராஜா. எனக்கு ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போக இன்னும் ஒரு அடிதான். போய்ச் சேர்ந்தால் அதை ராணியாக மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற ஆட்டங்கள் எல்லாம் முடிந்து, கூட்டம் எங்கள் மேசையைச் சுற்றி நின்றது. எனக்கு ஒரு நிமிஷம்கூட மீதி இல்லை. சிப்பாயைத் தள்ளினேன். கைப்பேசியில் என்றால் அதுவே ராணியாகிவிடும். இங்கே ராணியைத் தேடினால் காணோம். மேசை மேல் இல்லை, கீழே இல்லை. நேரம் ஓடுகிறது. ராணி கிடைக்காதபோது வேறு காயைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொல்லிக்கொள்வதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தால் விழாமல் நிற்கிற காய் யானை ஒன்றுதான். வெட்டுப்பட்ட யானையை எடுத்துத் தலைகீழாக நிறுத்தி, கடிகாரத்தை ஓங்கி அடித்து, "ராணி!" என்றேன்.

நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். "மேடம், நீங்க வெச்சது யானை."

"தலைகீழா வெச்சிருக்கேனே, தெரியலையா?"

"தலைகீழா நின்னாலும் யானை யானைதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராணி எங்கே போச்சு, அதைக் காட்டுங்கள் என்று சத்தம் போட்டேன். மைக்கில் பரிசு வாங்க ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். யானையை வைத்து ஒரு நிமிஷத்துக்குள் எப்படி ஜெயிப்பது? என் செஸ் வாழ்க்கையே இந்த ஒரு காயில் தொங்குகிறது என்று அந்த அம்மாளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

அப்போது பல் டாக்டர் மெதுவாகத் தன் உள்ளங்கையை விரித்தார். அதில் என் ராணி.

"தப்பு என் மேலதான். வெட்டின பழக்கத்துல கையிலயே வெச்சுக்கிட்டேன். அவங்க ராணியாவே வெச்சுக்கட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதர்! கண்ணாடி மாட்டிவிட்ட நன்றியை இப்படியா காட்டுவது என்று உருகிப்போனேன். ஆனால் நடுவர் மசியவில்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டிருந்தால் ராணி வந்திருக்கும், கேட்காமல் அமுக்கியாயிற்று என்று சொல்லி, யானையைத் தன் கையாலேயே நிமிர்த்தி வைத்துவிட்டுக் கடிகாரத்தை ஓடவிட்டார்.

பல் டாக்டர் முகம் தொங்கிப்போனது. என்மேல் இவ்வளவு இரக்கமா என்று நினைத்தேன். அவர் ராஜாவுக்குப் போக ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, அங்கே போனார். நான் பலகையைப் பார்த்தேன். யானை அப்படியே ஓரத்துக்குப் போனால் செக். அவர் ராஜா எந்தப் பக்கம் தப்பிக்கும்? முன்னாலும் பின்னாலும் யானை அடிக்கும். பக்கத்துக் கட்டங்களில் என் ராஜா காவல் நிற்கிறது. மறுபடியும் பார்த்தேன். யானையை நகர்த்தினேன்.

"செக்மேட்" என்றேன்.

பல் டாக்டர் கையை நீட்டினார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். தன் ராஜாவையும் என் யானையையும் பழைய கட்டங்களுக்கே கொண்டுபோய், யானை இருந்த இடத்தில் கையிலிருந்த ராணியை வைத்தார்.

"இப்போ பாருங்க. என் ராஜாவுக்கு செக்கும் இல்ல, நகர இடமும் இல்ல. ஆட்டம் சமன். எனக்கு அரைப் புள்ளி வந்திருக்கும்."

ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். ராணிக்காக நான் போட்ட சண்டையில் நான் ஜெயித்திருந்தால் ஆட்டம் போயிருக்கும், என் செஸ்ஸும் போயிருக்கும்.

"அப்போ அவ்வளவு பெருந்தன்மையா ராணியை நீட்டினீங்களே?"

அவர் மூக்கின் மேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "இப்பதான் எல்லாம் நல்லாத் தெரியுதே மேடம்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நடுவர் வந்து இரண்டு பேரையும் வெளியே போய்ச் சிரிக்கச் சொல்லும்வரை சிரித்தோம்.

வீட்டில் வாணலி அடுப்பில் ஏறியிருந்தது. என் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒரு ஆட்டம் ஜெயித்தேன் என்றதும் நாத்தனார் குறுக்கு விசாரணையில் இறங்கினாள். அரைப் புள்ளியா, ஆள் வரவில்லையா, எதிராளிக்கு உடம்பு சரியில்லையா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். செக்மேட் என்றேன். அவள் தான் போட்ட நிபந்தனைகளை விரல் விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் கரண்டியோடு வந்து நின்றார். "எப்படி ஜெயிச்சே?"

"கடைசிச் சிப்பாயை யானையா மாத்தினேன்."

"எல்லாரும் ராணியாத்தானே மாத்துவாங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ராணியா மாத்தியிருந்தா சமன் ஆயிருக்கும். அதெல்லாம் முன்கூட்டியே பார்த்து ஆடணும்" என்று சொல்லிவிட்டு, அடித்து வைத்த முட்டையை வீணாக்காமல் ஊற்றச் சொன்னேன். அன்றைக்கு உப்பு ரொம்பச் சரியாக இருந்தது.